பேதுருவைப் புடைத்தது சுளகா, சல்லடையா?

பெரிய வியாழன் வந்தால் பிரசங்கங்களில் தலைகாட்டும் வசனம் ஒன்று உண்டு. "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான்." லூக்கா 22:31. சீமோன் என்பது பேதுருவின் இன்னொரு பெயர், சொல்கிறவர் இயேசு. சுளகு என்றால் முறம். இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விளக்கமும் ஒன்றுதான். புடைத்தால் பதர் பறக்கும், கோதுமை நிற்கும். சோதனை வந்தால் போலி விசுவாசி பறந்துபோவான், உண்மையான விசுவாசி நிலைத்து நிற்பான். ஆமென். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளக்கத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. வசனத்தில் பதர் என்ற சொல்லே கிடையாது, கோதுமை மட்டும்தான். அந்த எச்சரிப்பைக் கேட்ட பேதுரு நிலைத்து நிற்கவும் இல்லை, சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான். மூன்றாவது ஓட்டைதான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது: கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் சுளகே இல்லை. அங்கே இருப்பது 'சினியாசோ' என்ற வினை. சல்லடையில் இட்டுச் சலிப்பது என்று பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே ஓர் இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது.

அதனாலென்ன, இரண்டும் சுத்தம் செய்கிற சாமான்கள்தானே என்று கேட்கலாம். அடுப்படியில் நின்று பழகியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். சுளகு எடையைப் பார்த்துப் பிரிக்கிறது, சல்லடை பருமனைப் பார்த்துப் பிரிக்கிறது. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்றால் செய்யவே முடியாது. வீட்டுப் பொருள்களில் ஆவிக்குரிய அர்த்தம் தேடும் பிரசங்கங்களில் எனக்குள்ள தீராத குறை இதுதான். விளக்கு, உப்பு, துடைப்பம், சுளகு என்று ஒவ்வொன்றாக மேடைக்குக் கொண்டுவருகிறோம். அது வீட்டில் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதற்கு முன்பே, நமக்கு வேண்டியதை அதன் வாயில் போட்டுப் பேசவைத்துவிடுகிறோம். இயேசு அப்படிச் செய்யவில்லை. புளித்த மாவு எப்படிப் பொங்கும், புதுத் திராட்சரசம் பழைய துருத்தியை ஏன் கிழிக்கும் என்பதெல்லாம் தெரிந்து சொன்ன உவமைகள் அவை. பொருளின் வேலை பிசகினால் உவமையும் பிசகிவிடும்.

சுளகு என்ன செய்கிறது

முதலில் பெயர். சென்னைப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் முறம். நெல்லை, தூத்துக்குடி, குமரி, கடல் தாண்டி யாழ்ப்பாணம் எல்லாம் சுளகு. தென்பகுதி வட்டாரச் சொல் வேதத்துக்குள் நுழைந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது பாதி உண்மைதான். புறநானூற்றிலேயே சுளகு இருக்கிறது, தோல் களைந்த வெள்ளெள் அதில் காய்கிறது. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்து இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில் இரண்டு பெயர்களும் உண்டு. ஏசாயா 30:24இல் எருதுகள் "முறத்தினாலும் தூற்றுக்கூடையினாலும் தூற்றப்பட்ட ருசியுள்ள கப்பிகளைத் தின்னும்." அங்கே முறம், லூக்காவில் சுளகு. எபிரெயத்தில் ஏசாயா சொல்வது மரத்தாலான தூற்றுக் கரண்டியையும் கவைக்கோலையும். கோதுமைக் களத்தில் தானியத்தை வாரி மேலே எறிகிற நீண்ட கைப்பிடிக் கருவிகள் அவை. நெற்களத்தில் கூடையில் அள்ளித் தலைக்கு மேல் தூக்கிச் சரிப்பதே வழக்கம். அதனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றைக் கூடையும் முறமுமாக மாற்றிவிட்டார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கவைக்கோலால் நெல்லைத் தூற்று என்றால் இங்கே யாருக்கும் புரியாது.

சுளகு மூன்று பக்கம் விளிம்பு எழும்பி, ஒரு பக்கம் வாய் திறந்து இருக்கும். பின்பக்கம் குழிவு, முன்பக்கம் அகலம். பனங்காட்டுப் பகுதிகளில் பனை ஓலையாலும் நாராலும் பின்னுவார்கள், மற்ற இடங்களில் மூங்கில் பிளாச்சால். புதுச் சுளகை அப்படியே பயன்படுத்தக் கூடாது. பின்னல் இடுக்கில் நொய் போய்ச் சிக்கும், காற்றும் ஒழுகும். அதனால் சாணத்தை மெல்லிசாகப் பூசிக் காயவைப்பார்கள். சாணம் வேண்டாம் என்பவர்கள் பழைய காகிதத்தை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு அரைத்து அந்த விழுதைப் பூசுவார்கள். வெந்தயத்தின் வழுவழுப்புத்தான் பசை. பூச்சு தடித்துவிட்டால் காய்ந்ததும் வெடித்துத் தானியத்தில் உதிரும். மெல்லிசாக இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் முழுக்கக் காயவிடுவது நல்லது. இப்போது கிடைக்கும் பிளாஸ்டிக் முறத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது வழுக்கும், மணி முன்வாய் வழியே ஓடிவிடும். காய்ந்த உமி அதன் மேல் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும்.

புடைக்கும்போது குழிந்த பக்கம் வயிற்றை ஒட்டி இருக்கும், வாய் வெளியே பார்த்திருக்கும். இரண்டு பக்க விளிம்பையும் நடுவுக்குச் சற்றுப் பின்னால் பிடிக்க வேண்டும். சுளகில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தானியம் போடக் கூடாது. கூடினால் மேலடுக்கு மட்டும் குதிக்கும், அடியில் கிடக்கும் உமி அங்கேயே கிடக்கும். மிகவும் குறைந்தால் மணி தெறித்து வெளியே போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் தானியத்தை மேலே வீசுவார்கள், அதுதான் முதல் பிழை. வீசுவதில்லை. சுளகு ஒரு சாண் எழும்பும், எழும்பிய வேகத்திலேயே சட்டென்று இறங்கி உடம்புப் பக்கம் இழுபடும். தானியம் ஒரு கணம் காற்றில் தனித்து நிற்கும். கனமான மணி நேரே விழுந்து பின்குழிவுக்கு வந்துசேரும். இலேசான உமி விழத் தாமதித்து, சுளகு கிளப்பிய காற்றில் மிதந்து வாய்ப்பக்கம் ஒதுங்கும். பத்துப் பன்னிரண்டு தட்டலுக்குள் முன்விளிம்பில் உமி திரண்டுவிடும். அதை ஓர் உதறலில் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். புடைப்பதில் கை தூக்குவது பாதி வேலைதான். மணிக்கட்டு பின்னால் இழுப்பதுதான் மணியைக் காப்பாற்றுகிறது.

களத்தில் தூற்றுவதற்கும் வீட்டில் புடைப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. தூற்றுவதற்கு வெளியிலிருந்து காற்று வர வேண்டும். கையில் கூடை இருந்தும் காற்று விழாவிட்டால் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் "இன்று இராத்திரி களத்திலே வாற்கோதுமை தூற்றுவான்" என்று நகோமி சொல்கிறாள். யூதேயாவில் கடற்காற்று பிற்பகலுக்குமேல் மலைப்பக்கம் ஏறும், அந்தி சாய்கையில் தூற்றுவதற்கு ஏற்ற அளவில் நிதானப்படும். அதனால்தான் இரவு வேலை. சுளகுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அது தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

பதர் வேறு, உமி வேறு

இந்த இடத்தில்தான் எனக்கு முழு விஷயமும் தலைகீழானது. தமிழில் பதர் என்றால் என்ன? நெல் அறுத்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், உள்ளே அரிசி வைக்காத நெல். வெளித்தோற்றத்தில் நெல்தான், அதே நிறம், அதே வடிவம். விரல் நுனியால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை. உமி அப்படியல்ல. நல்ல நெல் ஒவ்வொன்றுக்கும் உமி உண்டு. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய இருபது கிலோ உமியாகவே போய்விடும். பதர் என்பது மணியாகத் தவறிய ஒன்று, உமி என்பது மணியைக் காத்து நின்ற உறை.

வரப்போகிற கிறிஸ்துவைப் பற்றி யோவான் ஸ்நானன் சொன்ன வார்த்தையைத் தமிழில் இப்படி வாசிக்கிறோம்: "தூற்றுக்கூடை அவர் கையிலிருக்கிறது, அவர் தமது களத்தை நன்றாய் விளக்கி, தமது கோதுமையைக் களஞ்சியத்தில் சேர்ப்பார், பதரையோ அவியாத அக்கினியினால் சுட்டெரிப்பார்." மத்தேயு 3:12. இங்கே பதர் என்று தமிழில் நிற்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ஆகுரோன்'. மிதிபட்டு நொறுங்கிய தாளும் கதிரின் உமியும் கூளமும் சேர்ந்தது அது. கோதுமைக்கு ஒரு வசதி உண்டு. போரடிக்கும்போதே உமி கழன்றுவிடும், மணி நிர்வாணமாக வெளியே வரும். நெல்லுக்கு அந்த வசதி கிடையாது. போரடித்த பிறகும் உமி மணியைக் கவ்விக்கொண்டே இருக்கும், உரலில் போட்டுக் குத்தினால்தான் விடும். ஆகவே கோதுமைக் களத்தில் காற்று பிரித்தெடுப்பது ஒரே செடியில், ஒரே கதிரில் ஒன்றாக வளர்ந்தவற்றை. தாள் இல்லாமல் கதிர் நின்றிருக்காது, உமி இல்லாமல் மணி முற்றியிருக்காது. நெற்களத்தில் காற்று பிரிப்பதோ முற்றிய நெல்லையும் முற்றாத நெல்லையும்.

இந்தச் சின்ன மாற்றம் தமிழ் வாசகனின் மனதில் பெரிய வேலை செய்கிறது. கிரேக்க வாசகன் காதில் அது தானியத்தைச் சுத்தப்படுத்தும் காட்சி. தமிழ்க் காதில் அது மனிதர்களைத் தரம்பிரிக்கும் காட்சி. தமிழில் மனிதனைப் பதர் என்று சொல்வதற்குத் திருக்குறள் காலத்து வரலாறு இருக்கிறது. பயனில்லாத சொல்லைப் பாராட்டுகிறவனை மகன் என்று சொல்லாதே, 'மக்கட் பதடி' என்று சொல் என்கிறது 196ஆம் குறள். இன்றும் தெருச்சண்டையில் "மனிதப் பதரே" என்ற வசவு உயிரோடு இருக்கிறது. அந்தச் சொல் பிரசங்கத்தில் விழுந்ததும் நாம் உடனே பக்கத்து இருக்கையில் இருப்பவரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். யாரும் தன் மேலிருக்கும் உமியை நினைப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யோவான் அதே பேச்சில் கனி கொடாத மரம் வெட்டுண்டு போகும் என்றும் சொல்கிறான். அவன் ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறான். "துன்மார்க்கரோ அப்படியிராமல், காற்றுப் பறக்கடிக்கும் பதரைப்போல் இருக்கிறார்கள்" என்று முதலாம் சங்கீதமும் அந்தத் திசையில்தான் நிற்கிறது. அந்த இடங்களில் பதர் பொருத்தமான, கூர்மையான சொல். என் வழக்கு லூக்கா 22ஓடுதான். அங்கே எழுதப்படாத பதரை நாமாக உள்ளே கொண்டுவந்து போடுகிறோம். அப்படிப் போட்டதும் பேதுருவுக்கான வசனம் பேதுருவை விட்டு விலகி, யாரோ ஒரு போலி விசுவாசியைப் பற்றிய வசனமாகிவிடுகிறது.

இன்னொன்று. பதர் தானாகப் பதராவதில்லை. பூக்கும் பருவத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. அந்த வாரம் தண்ணீர் வற்றினாலும் அதே கதி. பால் பிடிக்கும் பருவத்தில் கதிர்நாவாய்ப் பூச்சி வந்து பாலை உறிஞ்சிவிட்டுப் போனால் வெறும் கூடுதான் மிஞ்சும். வயற்காரருக்கு இது தெரியும். அதனால் அவர் பதரைத் திட்டுவதில்லை, அடுத்த பருவத்து விதைநெல்லைச் சோதிக்கிறார். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து மேல்பாகம் பழைய 25 காசு அகலத்துக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைப்பார்கள். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மேலே மிதக்கும். மிதப்பதை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும், சோதனையில் தேறிய விதையும் அதோடு போகும். பதரைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் இந்தக் கடைசி அலசலையும் சேர்த்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சல்லடையின் கண்

சரி, மூலத்தில் இருக்கும் சல்லடைக்கு வருவோம். தமிழ் வீட்டில் சல்லடை மாவுக்கான பொருள். கோதுமை மணியைச் சல்லடையில் ஆட்டும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம் இல்லை. 'சுளகினால் புடைக்கிறதுபோல' என்று மாற்றியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பாலஸ்தீனக் களத்தில் தூற்றி முடிந்த பிறகும் கோதுமைக் குவியலில் மண்கட்டி, பொடிக்கல், அடிபடாத கதிர்த்துண்டு, களைவிதை எல்லாம் கிடக்கும். அவை கனமானவை. காற்று அவற்றைத் தொடாது. அதற்காக இரண்டு விதச் சல்லடைகள் இருந்தன. கண் பெரிதானதில் ஆட்டினால் மணி கீழே இறங்கிவிடும், கல்லும் கட்டியும் மேலே தங்கும். கண் சிறிதானதில் ஆட்டினால் மணி மேலே தங்கும், மணலும் களைவிதையும் கீழே போகும். ஒரே ஆட்டம், கண்ணின் அளவு மாறினால் முடிவு தலைகீழ்.

ஆமோஸ் 9:9 இந்த இரட்டைத்தன்மையால்தான் சிக்கலாகிறது. சல்லடையினால் சலித்தரிக்கிறதுபோல் இஸ்ரவேல் வம்சத்தாரை எல்லா ஜாதிகளுக்குள்ளும் சலித்தரிப்பேன், ஆனாலும் ஒரு கோதுமைமணியும் தரையிலே விழுவதில்லை என்கிறது தமிழ். ஆறுதலான வாக்கு. எபிரெயத்தில் 'கோதுமைமணி' என்று நாம் வாசிக்கும் இடத்தில் இருக்கும் சொல் 'செரோர்'. 2 சாமுவேல் 17:13இல் அதே சொல் பொடிக்கல்லைக் குறிக்கிறது. கல் என்றே எடுத்துக்கொண்டால் இது பெரிய கண் சல்லடை. மணி இறங்கிவிடும், கல் ஒன்றுகூடத் தப்பாமல் மேலே மாட்டிக்கொள்ளும். ஆறுதல் வசனம் நியாயத்தீர்ப்பு வசனமாகிவிடும். அடுத்த வசனத்தில் "தீங்கு எங்களை அணுகாது" என்று சொல்லும் பாவிகள் பட்டயத்தால் சாவார்கள் என்று வருவதால் இந்த வாசிப்புக்கும் பலம் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. எப்படியானாலும், கையில் எந்தச் சல்லடை என்று தெரியாமல் அந்த வசனத்தை யாருக்கும் ஆறுதலாகக் கொடுத்துவிட முடியாது.

லூக்காவில் கண்ணின் அளவு சொல்லப்படவில்லை. எது தங்கும், எது விழும் என்பதும் சொல்லப்படவில்லை. அங்கே இருப்பது ஆட்டம் மட்டுமே. இந்தக் கை அந்தக் கை என்று இடைவிடாமல் அலைக்கழிக்கும் ஆட்டம். தாறுமாறாக ஆட்டினால் சல்லடை சரியாகப் பிரிக்காது என்பது மாவு சலித்தவர்களுக்குத் தெரியும். மெல்ல, வட்டமாக, உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சலிக்க வேண்டும். ஓங்கி ஆட்டினால் கட்டியும் உடைந்து மாவோடு இறங்கிவிடும், இல்லாவிட்டால் விளிம்பைத் தாண்டிச் சிந்தும். நல்ல மாவு வேண்டும் என்கிறவர் ஆட்டுவது ஒருவிதம். ஒன்றும் தேறாது என்று நிரூபிக்க ஆட்டுகிறவர் ஆட்டுவது வேறுவிதம். யோபுவின் கதையில் யோபுவைச் சோதிக்கச் சாத்தான் உத்தரவு கேட்பதும் இப்படி நிரூபிக்கத்தான். அவனுக்குக் களஞ்சியம் கிடையாது. சலித்ததைச் சேர்த்துவைக்க அவனுக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. சோதனை நம்மைச் சுத்திகரிக்கும் என்று சொல்லும்போது அந்தப் புகழைச் சல்லடை பிடித்திருக்கிறவனுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

லூக்காவிலேயே இரண்டு கருவிகளும் இரண்டு கைகளில் இருக்கின்றன. 3:17இல் தூற்றும் கருவி கிறிஸ்துவின் கையில், 22:31இல் சலிக்கும் கருவி சாத்தானின் கையில். தமிழில் முதலாவது தூற்றுக்கூடை, இரண்டாவது சுளகு. இரண்டும் ஒரே குடும்பத்துச் சாமான்களாகத் தெரிவதால் இரண்டையும் ஒரே வேலையாக எண்ணி இணைத்துவிடுகிறோம். சல்லடை என்றே போட்டிருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறைந்திருக்கும். ஆனால் தமிழ் ஒன்றை அழகாகக் காப்பாற்றியிருக்கிறது. சாத்தான் 'உங்களை'ப் புடைக்கக் கேட்டான், பன்மை, பந்தியிலிருந்த எல்லாரையும். அடுத்த வசனம் ஒருமைக்கு மாறுகிறது: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." ஆட்டப்படப்போவது எல்லாரும், பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளப்படுவது ஒருவன். அவனிடம் மற்றவர்களின் பொறுப்பு. சலிப்பதை நிறுத்தும்படி இயேசு வேண்டிக்கொண்டதாக அங்கே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கல்லும் கப்பியும்

புடைத்து முடிந்த அரிசி சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது அடுக்களையில் நடக்காது. கல் இருக்கும். எடை பார்த்துப் பிரிக்கும் சுளகின் முன்னால் கல் நல்ல மணியாகவே தேறிவிடும், கனமாகத்தானே இருக்கிறது! அசையாமல் நிற்பதெல்லாம் கோதுமை அல்ல. எந்தச் சபைக் கமிட்டியில் இருந்தவர்களுக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. கல்லைப் பிடிக்க வேறு வேலை வேண்டும். சுளகைச் சற்றே முன்பக்கம் சாய்த்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் முழு அரிசி உருண்டு முன்னே வரும், கல்லும் நொய்யும் பின்தங்கும். கொழிப்பது, தெள்ளுவது, நாவுவது என்று ஊருக்கொரு பெயர் இதற்கு. அதிலும் தப்பியதை, தண்ணீரில் அரித்தெடுக்க வேண்டும். அரிசிப் பாத்திரத்தைச் சாய்த்துச் சுழற்றினால் அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்கு நழுவும், கல் அடியில் தங்கும். கடைசி ஒரு கைப்பிடியைக் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும், சுழற்றலை நம்பி அப்படியே கவிழ்த்தால் கல்லும் கூடவே போய்விடும். இன்றைய ஆலைகளில் சார்ட்டெக்ஸ் இயந்திரம் ஒவ்வொரு மணியையும் நிறம் பார்த்து, கறுத்ததைக் காற்று ஊதித் தள்ளிவிடுகிறது. மனுஷன் முகத்தைப் பார்ப்பான் என்று கர்த்தர் சாமுவேலிடம் சொன்னது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

குத்தினால் போகாத ஒன்றும் உண்டு. "மூடனை உரலில் போட்டு உலக்கையினால் நொய்யோடே நொய்யாகக் குத்தினாலும், அவனுடைய மூடத்தனம் அவனை விட்டு நீங்காது." நீதிமொழிகள் 27:22. குத்துவதன் நோக்கம் உமியை நீக்குவது, மணியை உடைப்பது அல்ல. நொய் கூடுகிறது என்றால் நெல் சரியாகக் காயவில்லை அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, அல்லது உலக்கை பிடித்த கை கனத்துவிட்டது. நொய்யாகும்வரை குத்தியும் போகவில்லை என்றால் அது உமி அல்ல, மணிக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளை வளர்ப்புக்கு இந்த வசனத்தை எடுப்பவர்கள் உலக்கையைக் கூட்டச் சொல்கிறார்கள். வசனமோ உலக்கை உதவாது என்கிறது.

இதையெல்லாம் வைத்துப் பேதுருவைத் திரும்பப் பார்த்தால், அவனைச் சுளகும் விளக்கவில்லை, களத்துச் சல்லடையும் விளக்கவில்லை. அவன் நிற்கவில்லை. பறந்தும் போகவில்லை. இடியாப்பத்துக்கு மாவு சலிக்கும் வேலையில்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் அரைஈரமாக உலர்த்தி இடித்துச் சலிக்கிறோம். மாவு கீழே இறங்கும், மேலே கப்பி தங்கும். சல்லடையின் கணக்கில் கப்பி தோற்றுவிட்டது. ஆனால் எந்த வீட்டிலும் கப்பியை எறிவதில்லை. அது மறுபடி உரலுக்குப் போகும், மறுபடி சலிக்கப்படும், கடைசியில் மிஞ்சுவது கஞ்சிக்கு ஆகும். கப்பி கல்லல்ல. அது அரிசிதான், இன்னும் மாவாகவில்லை. "நீ குணப்பட்டபின்பு" என்ற சொல்லில் மூலத்தில் இருப்பது திரும்பி வருதல். இது லூக்கா மனதில் இருந்த சல்லடை அல்ல, நான் இழுத்து நீட்டுகிறேன், தெரிந்தேதான் செய்கிறேன். முதல் பகுதியில் நான் குறைசொன்ன பிரசங்கியின் இடத்தில்தான் இப்போது நானும் நிற்கிறேன். ஒரே வித்தியாசம், இந்தச் சல்லடையை நான் அது செய்கிற வேலையைவிட அதிகமாகச் செய்யச் சொல்லவில்லை.

ஓய்வுநாள் பாடசாலையில் இதைக் காட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய சார்ட்டெக்ஸ் அரிசியைச் சுளகில் போட்டுப் புடைத்தால் ஒன்றும் பறக்காது, பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கால் கிலோ நிலக்கடலையைத் தோல் சற்றுக் கறுக்கும்வரை மிதமான தீயில் வறுத்து, முழுக்க ஆறவிட்டுத் துணியில் வைத்துத் தேயுங்கள். சூட்டோடு தேய்த்தால் தோல் கழலாது, கடலைதான் உடையும். அதைப் புடைத்தால் ஒவ்வொரு கடலையிலிருந்தும் அதன் தோல் பறக்கும், தோல் இல்லாத கடலை ஒன்றுகூட இருந்திருக்காது. கிரேக்கத்தின் ஆகுரோன் அது. தமிழின் பதரைக் காட்ட வேண்டுமானால் ஒரு படி நெல் வேண்டும், அறுவடை முடிந்த கையோடு, தூற்றாதது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள், எது யாரைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி வாசல் பக்கம் நில்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறுவரை பாட்டுப் புத்தகங்களுக்குள்ளிருந்து கடலைத்தோல் விழுந்துகொண்டிருக்கும்.